மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

என் அக்காவைத் தேடி வருகிறவர்களுக்கு ஊரில் யாரும் வீட்டு அடையாளம் சொல்வதில்லை. முதலில் சிரிப்பார்கள். அப்புறம், கடைசி ஸ்டாப்பில் இறங்குங்கள், சாயங்காலம் வரைக்கும் நில்லுங்கள், வெயில் காய்கிற நாளில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு எவள் நடக்கிறாளோ அவள்தான் என்பார்கள். வாத்துக் குஞ்சு வாங்க வந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என் தையல் கடைக்குள் நுழைந்து, அந்தம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று மெதுவாக விசாரித்தார். உடம்பெல்லாம் கல்லுப் போலத்தான் இருக்கிறது, கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள்தான் சரியில்லை என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்குச் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கிறது, அவள் பேசுவதெல்லாம் வாத்துகளோடுதான்.

வாத்து என்றால் குட்டையில் கூட்டமாக மேயும் சின்ன வாத்து இல்லை. கூஸ் வாத்து. நிமிர்ந்தால் இடுப்புக்கு வரும். வெள்ளை உடம்பு, ஆரஞ்சு மூக்கு, எட்டு வீட்டுக்குக் கேட்கிற தொண்டை. குடோன்காரர்கள் காவலுக்கென்று வாங்கிப் போவார்கள். நாய்க்கு ஒரு பிஸ்கட் போட்டால் திருடனைப் பார்த்தும் வாலாட்டும், இதுகளுக்கு லஞ்சம் கொடுத்துப் பாருங்கள், கொடுத்த கையைத்தான் முதலில் கடிக்கும். கேட்டில் புது ஆள் நிழல் விழுந்தால் போதும், கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறும், அப்புறம் மொத்தக் கூட்டமும் கத்தும். அதனால் அக்கா வீட்டில் நாயும் கிடையாது, காலிங் பெல்லும் கிடையாது. யார் வந்தாலும் வாத்து சொல்லும் என்பாள்.

நாங்கள் இருப்பது பழைய செங்கல் சூளையின் குடியிருப்பு. சூளையை மூடின பிறகு மண் தோண்டின பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது, கரையில் கோரைப் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. வரிசையில் கடைசி இரண்டு வீடு எங்களுடையது. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும், சுவரை ஒட்டின மற்றொன்றில் அக்கா. என் முன்னறைதான் தையல் கடை. மிஷின் ஜன்னலோரம் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அக்காவின் கேட் தெரியும், குளத்துக் கரை தெரியும், தகரக் கூரை போட்ட வாத்துக் கொட்டில் தெரியும், சாலை முடிகிற இடத்தில் பஸ் திரும்புவதும் தெரியும். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படுகிற எனக்கு அடுத்த வீட்டு விஷயம் மட்டும் கண்ணாடி இல்லாமலே தெரியும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வருஷத்துக்கு ஒரு முறை பேசுகிற மனிதர், அந்த ஒரு முறையும் இப்படித்தான் பேசுவார்.

வாத்தை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்காவின் புருஷன். எனக்கு மாமா. சூளையில் இஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். இடது கைச் சுண்டுவிரலை இஞ்சின் பெல்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, "ஒன்பது விரல் போதும், சாப்பிட அஞ்சே அதிகம்" என்று சிரித்தவர். சூளை மூடினதும் மற்றவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அவர் எங்கிருந்தோ ஒரு கூடை கூஸ் முட்டை வாங்கிவந்தார். ஓடாத பழைய ஃபிரிட்ஜுக்குள் பல்பு மாட்டி, அதையே குஞ்சு பொரிக்கும் பெட்டியாக ஆக்கினார். குஞ்சு ஓட்டை உடைக்கிற அன்றைக்குப் பார்த்து அடைமழை. கொட்டகை ஒழுகியது. மழைக்கோட்டை மாட்டி, தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டு, பகல் முழுவதும் பெட்டிக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். குஞ்சுகள் கண் திறந்து பார்த்த முதல் உருவம் அந்த மஞ்சள் கோட்டு. கூஸ் குஞ்சுக்கு முதலில் பார்த்ததுதான் தாய். மழை விட்டதும் அவர் கோட்டைக் கழற்றினார், குஞ்சுகள் அழுதன. மறுபடி மாட்டினார், பின்னாலேயே வந்தன.

அன்றிலிருந்து அது வழக்கமாகிப் போனது. சாயங்காலம் கோட்டையும் பெரிய ரப்பர் பூட்ஸையும் மாட்டுவார். மூன்று முறை குட்டையாக விசில் அடிப்பார். குளத்திலிருந்து கொட்டில் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். திரும்பக் கூடாது, அதுதான் முக்கியம். முதுகு தெரிகிற வரைக்கும்தான் வாத்து நடக்கும். திரும்பி முகத்தைக் காட்டினால், சரி, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நின்றுவிடும், அங்கேயே புல் மேயப் பிரிந்துவிடும். பிரிந்த கூட்டத்தைச் சேர்ப்பதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் நரி.

முன்னால் அவர், கடைசியில் கையில் குச்சியோடு அக்கா, நடுவில் வெள்ளை வரிசை. அப்படி எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். வரிசையின் கடைசி வாத்து ஒரு பெரிய ஆண். எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிட்டு, ஒரு முறை சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் தான் நுழையும். அதற்குச் சேர்மன் என்று பேர் வைத்தது நான்தான். சேர்மன் வாய் திறக்காமல் மற்றவை கத்தாது. "உங்க மாமா முதுகப் பாத்தே குடும்பம் நடத்துறேன்" என்று அக்கா கேலி செய்வாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்?

பிறகு மாமாவுக்குத் தூரத்தில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மண் வாருகிற கப்பலில் இஞ்சின் பார்க்கிற வேலை, தங்க வீடும் உண்டு. அக்காவையும் கூப்பிட்டார். முட்டை பெட்டியில் இருக்கிறது, பொரிந்ததும் வருகிறேன் என்றாள். பொரிந்தது. இறகு முளைக்கட்டும், இல்லாவிட்டால் பருந்து தூக்கிவிடும் என்றாள். இறகும் முளைத்தது. அப்புறம் வேறொன்று. எனக்குத் தெரியும், அவளுக்குப் புது இடம் என்றால் பயம், அதை வாத்து தலையில் கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் மனுஷன் ரோஷக்காரர். போகிற அன்றைக்கு வாசலில் பையை வைத்துவிட்டு, வாத்து முக்கியமா நான் முக்கியமா என்று கேட்டார். இவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "வாத்து எங்கிட்ட இந்த மாதிரி கேள்வி கேக்காது" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் எடுத்தெறிந்து பேசின ஒரே பேச்சு அது. அதுவும் போயும் போயும் அந்த நேரத்தில்.

கொஞ்ச காலம் போன் வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். வாத்து எப்படி, நல்லா இருக்கு. இந்த இரண்டு பேரும் போனில் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டால் எனக்குக் கை பரபரக்கும், பிடுங்கி நானே பேசிவிடலாமா என்று இருக்கும். வா என்று இவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது. ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர் போன முதல் சாயங்காலம் வாத்து ஒன்றும் கொட்டிலுக்கு வரவில்லை. அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள், தானியம் இறைத்தாள், குச்சியால் விரட்டினாள். அவை கரையிலேயே நின்று சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் மங்கும்போது கோரைக்குள்ளிருந்து நரி வந்து, நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெட்டைகளை அடித்துவிட்டது. மறுநாள் அக்கா அழுது வீங்கின முகத்தோடு ஆணியில் தொங்கின கோட்டை எடுத்தாள். தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டாள். பூட்ஸுக்குள் துணியை அடைத்துக்கொண்டு காலை விட்டாள். விசில் அடிக்க வரவில்லை, உதடு நடுங்கியது, நான்காம் தடவை வந்தது. நடந்தாள், அவை நிற்கவே நின்றன. ஜன்னலில் இருந்து நான்தான் சொன்னேன், மாமா வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார் என்று. காலை இழுத்து நடந்தாள். சேர்மன் தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் வந்தது. வரிசை முழுக்க வந்தது.

அப்படித்தான் என் அக்கா, தினமும் சாயங்காலம் ஒரு கால் மணி நேரம், தன் புருஷனாக நடக்க ஆரம்பித்தாள். வெயிலானாலும் குளிரானாலும் அதே கோட்டு. பின்னால் பிறந்த குஞ்சுகளும் பெரியவற்றைப் பார்த்து அதையே கற்றுக்கொண்டன. ஊர் சிரித்தது, சிரிக்கட்டும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோட்டு கிழிய ஆரம்பித்தபோது, இதுதான் சாக்கு, தூக்கிக் குளத்தில் போடு, அவர் நினைப்பையும் சேர்த்துப் போடு என்று கத்தினேன். அவள் பதில் பேசாமல் கோட்டை என் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நானும் திட்டிக்கொண்டே ஒட்டுப் போட்டேன். இன்றைக்கு அந்தக் கோட்டில் மாமாவின் துணியைவிட என் ஒட்டுதான் அதிகம்.

வாத்தைக் காப்பாற்றுவது ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. நரி தோண்டி நுழையும் என்று கொட்டிலைச் சுற்றி முழங்கை ஆழத்துக்குக் கம்பி வலையை மண்ணுக்குள் புதைத்திருக்கிறாள். கதவுக்குக் கொக்கி ஒன்று போதாது, மூக்கால் தள்ளித் திறந்துவிடும் என்று கீழே ஒன்று, மேலே ஒன்று. குஞ்சுக்காலத்தில் பருந்துக்கு முற்றத்தின் மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, என் கடை வெட்டுத் துணியைத் தோரணமாகத் தொங்கவிடுவாள். விஷம் வை, பொறி வை என்று சொல்லாதவர் இல்லை. நான் வைத்த விஷத்தை என் வாத்து தின்னாது என்று எழுதிக் கொடுக்கிறாயா என்று திருப்பிக் கேட்பாள். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி, அதுதான் அவள் கொள்கை. எல்லாவற்றுக்கும் மேலே, பொழுது சாய்வதற்குள் எல்லா வாத்தும் உள்ளே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இத்தனைக்கும் நடுவில் அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னது ஒரே ஒரு முறை. சட்டைக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன், வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புது ஆள் வந்தால் சேர்மன் சீறும், நீ வந்தால் கண்டுகொள்ளாது, நான் போனால் தீனிக்கு மூக்கை நீட்டும், இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உலை கொதிக்கும்போது மூடி லேசாகத் தட்டுமே, அந்த மாதிரி அடித் தொண்டையில் ஒரு சத்தம் உண்டு, அதை அது அவருக்கு மட்டும்தான் பண்ணும் என்றாள். "நான் கோட்டு போட்டா கூட்டம் பின்னால வரும். ஆனா அந்தச் சத்தம் எனக்கு வராது. அதுக்குத் தெரியும், நான் அவரில்லன்னு." அப்புறம் மெதுவாக, "அவர் வந்தா எனக்கு யாரும் சொல்ல வேணாம். அந்தச் சத்தம் கேட்டாப் போதும்" என்றாள். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். வேறு என்ன செய்ய?

போன மாதம் நரி மறுபடி வந்தது. அதுவும் குட்டி போட்டிருக்கும், அதற்கும் வயிறு உண்டுதானே. விறகு அடுக்குக்குப் பின்னால் அடை படுத்திருந்த ஒரு பெட்டையை முட்டை மேலேயே அடித்துப் போட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று, பட்டப்பகலில், குளத்துக் கரையில். அக்கா சோறு தண்ணீர் இல்லாமல் கரையில் காவல் கிடந்தாள். மூன்றாம் முறை வந்தபோது கோரை அசைவதைப் பார்த்துத் தகரத்தைத் தட்டி விரட்டியிருக்கிறாள். போன மாதிரிப் போய் அங்கேயேதான் படுத்திருக்கும், இன்றைக்கு ஒன்றுகூடப் பிரியக் கூடாது என்று அவளுக்குள் ஒரே பயம். அன்றைக்குச் சீக்கிரமே கோட்டை மாட்டிவிட்டாள். நான் அந்த நேரம் பார்த்துத் தைத்த யூனிபார்ம்களைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கப் போயிருந்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் சேர்மன் கேட்டருகே நின்றுகொண்டிருந்தது. கம்பிக்கு நடுவே கழுத்தை வெளியே விட்டு, சாலையைப் பார்த்தபடி. தீனி வைத்தால் திரும்பவில்லை. குளத்துக்கும் போகவில்லை. சேர்மன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாரா என்று கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை.

நேற்று கூட்டத்தைக் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு பாதி தூரம் வரும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது என்றாள். தொப்பி காதை மூடியிருந்ததால் முதலில் காற்று என்று நினைத்தாளாம். மறுபடியும் கேட்டிருக்கிறது. "திரும்பணும்னு கழுத்து துடிச்சுது. ஆனா நரி பக்கத்துலயே இருக்கு. திரும்பினா எல்லாம் நின்னுரும். நான் திரும்பல." வந்ததையெல்லாம் உள்ளே விட்டு, மேல் கொக்கி, கீழ்க் கொக்கி போட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கேட்டுக்கு ஓடியிருக்கிறாள். உள்ளே வராமல் சேர்மன் மட்டும் அங்கே நின்றிருக்கிறது. சாலையில் ஈ காக்கை இல்லை.

சேர்மனுக்கு வயசாகிவிட்டது, கனவு கண்டிருக்கும் என்றேன். அவளும், ஆமாம், வாத்துக்கும் வயசானால் புத்தி தடுமாறும்போல என்றாள். சொல்லிவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அதற்கு அடுத்த நாள் பஸ் டிரைவர் காக்கிச் சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தார். இந்த ரூட்டுக்குப் புதுசு, பேச்சுக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். உங்கள் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தாரே, ஏன் உடனே போய்விட்டார் என்று கேட்டார். எந்த விருந்தாளி என்றேன். முந்தாநாள் சாயங்கால ட்ரிப்பில் ஒருவர் கடைசி ஸ்டாப்பில் இறங்கினாராம். கையில் ஒரு பை. அந்த கேட் வரைக்கும் நடந்து போய் நின்றாராம். டிரைவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்து, அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.

"ஏன் சார், வீட்ல ஆள் இல்லையான்னு கேட்டேன்" என்றார் டிரைவர். "'இருக்கு, வேற ஆள் இருக்கு'ன்னாரு. அப்புறம் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு வார்த்த பேசல."

என் கையில் இருந்த சாக்குக்கட்டி உடைந்துவிட்டது. ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன். சாதாரணமாக இருந்தார், நரை விழுந்த தலை, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போதுதான் பார்த்தேன், இடது கையில் சுண்டுவிரல் இல்லை என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன். ஒன்பது வருஷத்து ரோஷத்தை விழுங்கிவிட்டு ஒருவர் வந்திருக்கிறார். கேட்டருகே நின்று பார்த்திருக்கிறார். அங்கே மஞ்சள் கோட்டில், தலையை மூடின தொப்பியில், பெரிய பூட்ஸில், ஒரு ஆள் விசில் அடித்துக்கொண்டு முன்னால் போகிறான். வாத்தெல்லாம் அவன் பின்னால் போகிறது. வாசலில் போகிற ஈயைக்கூடக் கத்திக் காட்டிக்கொடுக்கிற கூட்டம், அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லை. ஏன் கத்தும்? வந்தவர் அந்த வீட்டு மனுஷர் ஆயிற்றே. சேர்மனுக்குத் தெரிந்தது. சொல்லவும் சொன்னது. கேட்டவளுக்குத்தான் திரும்ப முடியவில்லை.

என் வீட்டுக்காரரை அன்றைக்கே ஸ்டேஷனுக்கு விரட்டினேன். போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். ரயில் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது, அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள்? அந்த விரலில்லாத ஆள் மறுபடி ஏறினால் கையைக் காலைக் கட்டியாவது நிறுத்துங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவைத்தேன். அவர் சரி என்றார்.

அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு பொழுது யோசித்தேன். சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். போனேன். முற்றத்தில் உட்கார்ந்து வாத்துக்கு முட்டைக்கோஸ் இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தி நின்றது. கேட்டைப் பார்த்தாள், ராத்திரி தூக்கிக்கொண்டுபோய் அடைத்தாலும் விடிந்ததும் வந்துவிடுகிற சேர்மன் அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"இளைச்சிருந்தாராமா?"

அழுகையைக் கோபமாக மாற்றுவது எனக்குப் பழக்கம். இளைத்தால் என்ன, பெருத்தால் என்ன, இவ்வளவு தூரம் வந்த மனுஷனுக்கு வாயைத் திறந்து ஒரு பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாதா, தன் கோட்டைத் தனக்கே அடையாளம் தெரியாதா, தன் இடத்தில் வேறு ஒருவன் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடினாரே, அந்த இடத்தில் நின்றது யார் என்று எட்டிப் பார்த்தால் குறைந்தா போய்விடுவார் என்று முற்றம் அதிரக் கத்தினேன். வாத்துகளும் சேர்ந்து கத்தின.

"அவர ஏன் திட்டுற" என்றாள். "நானும்தான் திரும்பல."

அன்றைக்கு மத்தியானம் கோட்டைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தாள். எங்கே கிழிந்திருக்கிறது என்று புரட்டிப் பார்த்தேன். கிழியவில்லை.

"தொப்பிய வெட்டிரு."

வேண்டாம் என்றேன். மழை கழுத்தில் இறங்கும். அதைவிட, வாத்துக்குத் தொப்பியோடுதான் பழக்கம், தலை தெரிந்தால் வராது, நரி கோரைக்குள்ளேயே படுத்திருக்கிறது, இருக்கிற கூட்டமும் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பின்னாலருந்து பாத்தா நான்னு தெரியணும்" என்றாள். கத்தரிக்கோலை எடுத்தேன். பழைய ரப்பர் துணி, வெட்ட வெட்ட உதிர்ந்தது. கழுத்துப் பட்டியை மடித்து, மஞ்சள் துணி வைத்து, இரண்டு வரிசை தையல் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒரு தையல் போட்டதில்லை.

சாயங்காலம் அவள் தலையை வாரி, பின்னி, பின்னலைக் கோட்டுக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி நரை. நானும் குச்சியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில், முன்பு அவள் நிற்கிற இடத்தில், போய் நின்றேன். விசில் அடித்தாள். நடந்தாள். ஒரு வாத்தும் அசையவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து அந்தப் பின்னலையே பார்த்தன. கோரைப் பக்கம் எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. மறுபடியும் விசில். ஆனாலும் அவள் திரும்பவில்லை.

சேர்மன்தான் கேட்டிலிருந்து வந்தது. எத்தனை நாள் கழித்து அந்த இடத்தை விட்டுத் தானாக நகர்ந்ததோ! நேரே போய்ப் பின்னலின் நுனியை மூக்கால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. வெடுக்கென்று விட்டது. அப்புறம், சரி, இதுவும்தான் என்பது போல அவளுக்குப் பின்னால் நடந்தது. அந்த மூடி தட்டுகிற சத்தம் வரவில்லை. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. மேல் கொக்கியையும் கீழ்க் கொக்கியையும் போட்டுவிட்டு அக்கா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை.

இப்போது நரி வேறு பக்கம் போய்விட்டது என்கிறார்கள், நாங்கள் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் சாலை முடிகிற இடத்தில் பஸ் திரும்புகிற நேரமும் வாத்து கொட்டிலுக்குத் திரும்புகிற நேரமும் ஒன்றுதான். அக்கா பின்னலை முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறாள். அவள் திரும்ப முடியாது. அதனால் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டில் போய் நிற்கிறேன். தைக்க வந்தவர்கள் காத்திருப்பார்கள், காத்திருக்கட்டும். இறங்குகிற ஒவ்வொருவர் இடது கையையும் பார்க்கிறேன். அந்த மனுஷனுக்கென்று ஒன்பது வருஷமாக வசவு சேர்த்து வைத்திருக்கிறேன், ஒன்றையும் விடப்போவதில்லை. ஆனால் அதெல்லாம் அப்புறம். அவரைப் பார்த்ததும் முதலில் கத்துவதற்கு நான் வைத்திருப்பது அவரிடம் சொல்கிற வார்த்தையே இல்லை.

"அக்கா, நரி தூக்கினா தூக்கிட்டுப் போகட்டும். திரும்பு."